சொல் அறிவோம்: ‘கழுவாய் தேடுதல்’ என்றால் என்ன?

“செஞ்ச பாவத்துக்குப் பிராயச்சித்தம் தேடிக்கிறேன்!” சீரியல்களில் அடிக்கடி கேட்கும் வசனம். இந்தப் பிராயச்சித்தத்துக்கு நல்ல தமிழ்ச் சொல் ஒன்று இருக்கிறது. அதுதான் ‘கழுவாய்’.

‘வாய்’ என்றால் இங்கே வழி என்று பொருள். செய்த தவற்றைக் கழுவிக்கொள்ளும் வழி என்பதால் கழுவாய்.

இது நேற்று வந்த சொல் அல்ல. புறநானூற்றின் 34-வது பாடலிலேயே இருக்கிறது. பெரிய பாவங்களுக்கும் கழுவாய் உண்டு, நன்றி மறந்தவருக்கு மட்டும் மீட்பே இல்லை என்கிறார் ஆலத்தூர் கிழார். 110-வது குறளில் வள்ளுவர் சொல்வதும் இதே கருத்துதான்.

எப்படிப் பயன்படுத்துவது?

தம்பியின் பங்கையும் சேர்த்துத் தன் பெயருக்கு எழுதிக்கொண்ட அண்ணன், பிறகு மனம் வருந்தி அந்த நிலத்தைத் திருப்பி எழுதிக்கொடுத்தால், ‘செய்த தவற்றுக்குக் கழுவாய் தேடிக்கொண்டார்’ என்று சொல்லலாம். நிலத்தைத் தானே வைத்துக்கொண்டு கோயிலில் மொட்டை போட்டால் அது வெறும் வேண்டுதல். ‘ஸாரிடா தம்பி’ என்று வாட்ஸ்அப் அனுப்பினால் அது மன்னிப்பு. இழந்தவர் கைக்கு ஏதாவது திரும்பி வந்தால்தான் கழுவாய்.

வாச்சாத்தி சொல்லும் பாடம்

தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் மாதம் சந்தனமரச் சோதனை என்ற பெயரில் நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் மலைவாழ் மக்களின் வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011-ல் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. அவர்களுடைய மேல்முறையீட்டை 2023-ல் தள்ளுபடி செய்தது சென்னை உயர் நீதிமன்றம். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்க வேண்டும், அந்தப் பெண்களுக்கோ குடும்பத்தினருக்கோ வேலைவாய்ப்பு வழங்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

தண்டனையோடு நிற்காமல், இழந்தவர்களுக்கு எதையாவது திருப்பித் தரச் சொன்ன தீர்ப்பு இது. ஆனால், ‘கழுவாய் தேடினார்கள்’ என்று இதை எழுத முடியாது. தேடுவது என்பது தவறு செய்தவரே, தன் மனம் உறுத்தித் தேடுவது. இங்கே 31 ஆண்டுகள் தேடியவர்கள் பாதிக்கப்பட்ட மக்கள். அவர்கள் தேடியது நீதி.