வீடு வாங்க வந்தவர் பின்வாங்கினால் அச்சாரம் யாருக்கு?

கையெழுத்துப் போட்டுப் பத்து நாள் கூட ஆகவில்லை. வீடு வாங்க ஒப்பந்தம் போட்டவர் காலையிலேயே வாசலில் வந்து நிற்கிறார். முகத்தில் களை இல்லை.

"அண்ணே, வீட்டுல ஒத்துக்க மாட்டேங்கறாங்க. வாஸ்து சரியில்லையாம். அட்வான்சைத் திருப்பிக் குடுத்துடுங்க."

"கையெழுத்துப் போடறப்ப வாஸ்து எங்கே போச்சு தம்பி?"

இந்தப் பேச்சு கூரத்திலும் நடக்கும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலும் நடக்கும். தாம்பரத்திலும் நடக்கும். காரணம் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். ஓரிடத்தில் பாங்கி கடன் இல்லை என்று சொல்லியிருக்கும். இன்னோரிடத்தில் மச்சான் வேறு வீடு காட்டியிருப்பார். ஆடி பிறந்து விட்டால் கேட்கவே வேண்டாம். பத்திரப் பதிவு ஒரு மாதம் தள்ளிப் போகும். அந்த ஒரு மாதத்தில் மனசும் தள்ளிப் போகும்.

கூரத்துக்கு நிலக் கிரயம் புதிய விஷயம் அல்ல. 7-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேடு, கோயில் காரியத்துக்காக விலை கொடுத்து நிலம் வாங்கிய விவரத்தைச் சொல்கிறது. செம்பில் வெட்டிய எழுத்து. 'எனக்கு வேண்டாம்' என்று யாரும் பின்வாங்க முடியாது. இன்றைய முத்திரைத்தாள் அப்படி இல்லை.

விற்கிறவர் பாடு

கூரத்தில் ஒருவர் தன் வீட்டை ரூ.30 லட்சத்துக்கு விற்க ஒப்பந்தம் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். கையில் ரூ.3 லட்சம் வந்தது. மீதியை மூன்று மாதத்தில் கொடுத்துக் கிரயம் முடிப்பதாகப் பேச்சு.

அந்த 3 லட்சம் பெட்டியில் தூங்குமா? மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பேசியாகி விட்டது. அல்லது காஞ்சிபுரத்தில் வேறு வீட்டுக்கு அதையே முன்பணமாகக் கொடுத்தாகி விட்டது. தறிக்காரர் வீடு என்றால் இன்னும் சங்கடம். குழித்தறியை மூட்டை கட்டி வண்டியில் ஏற்றி விட முடியாது. ஏறிய பாவை நெய்து இறக்க வேண்டும். புது இடத்தில் குழி தோண்ட வேண்டும். அது வரை கூலி கிடையாது.

இந்த நிலையில் வாங்குகிறவர் 'வேண்டாம்' என்றால் விற்கிறவருக்கு ரத்தம் கொதிக்கத்தான் செய்யும். "ஒரு பைசா தர மாட்டேன். போய் கோர்ட்டுல பாரு" என்று கதவைச் சாத்துவார். இன்னும் சிலர் நேர் எதிர். "பாவம், தெரிஞ்ச பையன்" என்று அன்றைக்கே பணத்தை எண்ணிக் கொடுத்து அனுப்பி விடுவார்கள்.

இரண்டு பேருமே முக்கியமான ஒன்றை மறந்து விடுகிறார்கள். ஒப்பந்தத்தில் இருக்கும் கையெழுத்து அப்படியே இருக்கிறது!

வில்லங்கத்தில் நிற்கும் பெயர்

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல், வீடு, மனை விற்பனை ஒப்பந்தங்களைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்தால் அது வில்லங்கச் சான்றில் ஏறும். அடுத்து வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான். அவருக்குக் கடன் கொடுக்கும் பாங்கியும் அதைத்தான் பார்க்கும். "ஏற்கெனவே ஒருத்தர் பேர்ல அக்ரிமெண்ட் நிக்குதே?" என்று கேட்டால் விற்கிறவர் என்ன பதில் சொல்வார்? "அவர் வேண்டாம்னு வாயால சொல்லிட்டார் சார்" என்றால் எந்த பாங்கி மேனேஜரும் கேட்க மாட்டார்.

"பதிவு செய்யாத ஒப்பந்தம்தானே, கிழித்துப் போடு" என்று திண்ணையில் உட்கார்ந்து யோசனை சொல்கிறவர்கள் உண்டு. அதையும் நம்பக் கூடாது. பதிவு செய்யாத விற்பனை ஒப்பந்தத்தையும், கிரயம் செய்து தரக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறி விட்டது. அதுவும் தமிழ்நாட்டு வழக்கில்தான்.

பின்வாங்கியவர் திரும்பி வருவாரா? வருவார். மனை விலை ஏறினால் நிச்சயம் வருவார்.

மதுரையில் நடந்தது இது. 1978 டிசம்பரில் ஒரு வீட்டுக்கு ரூ.60 ஆயிரம் விலை பேசி ஒப்பந்தம் ஆனது. முன்பணம் ரூ.5 ஆயிரம். ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும். வாங்குகிறவரோ இரண்டரை வருஷம் வாய் திறக்கவில்லை. 1981-ல் திடீரென்று நோட்டீசு விட்டார், கிரயம் செய்து கொடு என்று. அதற்குள் மதுரையில் வீட்டு விலை எங்கேயோ போய் விட்டது. வழக்கு டெல்லி வரை போயிற்று. 'இவ்வளவு காலம் சும்மா இருந்து விட்டு இப்போது வந்து கேட்டால் கொடுக்க முடியாது' என்று சுப்ரீம் கோர்ட்டு 1997-ல் தீர்ப்புச் சொன்னது. விற்கிறவர் பக்கம்தான் ஜெயித்தது. ஆனால் 1981-க்கும் 1997-க்கும் நடுவில் 16 வருஷம்! அத்தனை காலம் வழக்கில் மாட்டிய வீட்டை யார் வாங்குவார்கள்?

ஆகவே, பின்வாங்குகிறவர் வாசலில் வந்து நிற்கும் போதே பிடித்துக்கொள்ள வேண்டியது ரத்துப் பத்திரம். இருவரும் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசுக்குப் போய் ஒப்பந்தத்தை ரத்து செய்து கையெழுத்துப் போட்டு விட்டால் வேலை சுலபமாக முடிந்தது. இப்போது பணம் அவருக்கு வேண்டும். கையெழுத்து விற்கிறவருக்கு வேண்டும். இரண்டும் ஒரே நாளில், ஒரே மேஜையில் கைமாறுவதுதான் புத்திசாலித்தனம். பணத்தை முதலில் கொடுத்து விட்டால் அப்புறம் கையெழுத்துக்கு அவர் பின்னால் அலைய வேண்டியது தான்.

அச்சாரமா, முன்பணமா?

சரி, எவ்வளவு பிடித்துக்கொள்ளலாம்? இங்கே தான் சிக்கல்.

கொடுத்த பணம் அச்சாரமா, விலையில் ஒரு பகுதியா என்று கோர்ட்டு பார்க்கும். 'சொன்ன சொல்லைக் காப்பாற்றுவேன்' என்பதற்கு ஈடாகக் கொடுப்பது அச்சாரம். சொல் தவறினால் அது போய் விடும். விலைக் கணக்கில் கொடுத்த முன்பணம் அப்படி அல்ல. அதை மொத்தமாக விழுங்க முடியாது. நஷ்டம் எவ்வளவோ அதற்கு நியாயமான ஈடு மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பது 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு.

டெல்லியில் 1949-ல் ஒரு வீடு ரூ.1,12,500-க்கு விலை பேசப்பட்டது. அச்சாரம் ரூ.1,000. பிறகு ரூ.24 ஆயிரம் கொடுத்து வாங்குகிறவர் வீட்டிலும் குடியேறி விட்டார். கிரயம் முடியவில்லை. விற்கிறவர் ரூ.25 ஆயிரமும் எனக்கே என்றார். 1963-ல் சுப்ரீம் கோர்ட்டு என்ன சொன்னது தெரியுமா? ரூ.1,000 மட்டும் அவருக்கு. மீதி ரூ.24 ஆயிரத்தைப் பறிக்க முடியாது. வீட்டின் விலை குறைந்ததாகவோ வேறு நஷ்டம் வந்ததாகவோ அவர் நிரூபிக்கவில்லை. அனுபவித்த காலத்துக்கு மட்டும் ஈடு வாங்கிக்கொள்ளலாம் என்று முடிந்தது.

ஐம்பது வருஷம் கழித்து அதே டெல்லியில் இன்னொரு வீடு. விலை ரூ.70 லட்சம், அச்சாரம் ரூ.7 லட்சம். வாங்குகிறவர் தவறி விட்டார். ஐகோர்ட்டு, 'ரூ.50 ஆயிரம் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடு' என்றது. 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை மாற்றி, ரூ.7 லட்சம் முழுவதும் விற்கிறவருக்கே என்றது. காரணம், அது அச்சாரம் என்றும், தவறினால் பறிமுதல் என்றும் ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்தது.

2025 மே மாதம் பெங்களூர் வழக்கு ஒன்றில் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ரூ.55 லட்சத்து 50 ஆயிரம் விலைக்கு ரூ.20 லட்சம் முன்பணம். அந்த 20 லட்சத்தைப் பறிமுதல் செய்ததும் சரியே என்று தீர்ப்பு. வாங்குகிறவர் தன் மனுவில் பணத்தைத் திருப்பிக் கேட்கவே இல்லை என்பதும் அவருக்கு வினையாக முடிந்தது.

அதற்காக விற்கிறவர்கள் துள்ளிக் குதிக்க வேண்டாம். அதே 2025 பிப்ரவரியில், அடுக்குமாடி கட்டும் ஒரு பெரிய நிறுவனம் விலையில் 20 சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தது. 'உங்களுக்குச் சாதகமாகவே நீங்கள் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் இது' என்று சுப்ரீம் கோர்ட்டு 10 சதவீதத்தோடு நிறுத்தி விட்டது. 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுமான நிறுவனம் முன்பணம் வாங்கவே கூடாது.

கூரத்து வீட்டுக்காரருக்கு இதில் என்ன கிடைக்கும்? 30 லட்சத்துக்கு 3 லட்சம் என்பது பத்தில் ஒரு பங்கு. அச்சாரம் என்று எழுதி, தவறினால் போய் விடும் என்றும் எழுதியிருந்தால் அவர் தைரியமாக நிற்கலாம். 12 லட்சம் வாங்கி விட்டு அத்தனையும் எனக்கே என்றால் வக்கீல் வீட்டுப் படி தேய வேண்டியது தான். சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதற்காக 3 லட்சத்தையும் பிடித்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பத்தாவது நாளே வந்து சொல்லி விட்டார், வீடும் அதே விலைக்குப் போகும் போலிருக்கிறது என்றால், தரகர் கூலி, பத்திரச் செலவு, அலைந்த செலவு இவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்து ரத்துப் பத்திரம் வாங்குவது லாபம். மூன்றாவது மாதக் கடைசியில் வந்து கைவிரிக்கிறவருக்கு அந்தத் தயவு தேவையில்லை.

தப்பு யார் பக்கம்?

வாங்குகிறவர் பின்வாங்குவதெல்லாம் குற்றம் என்றும் சொல்ல முடியாது. சொத்தில் உள்ள குறையை விற்கிறவர் மறைக்கக் கூடாது என்பது 1882-ஆம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டம். பட்டா வேறு பெயரில் இருக்கிறது. தங்கை பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போடவில்லை. நிலம் கோயிலுக்குச் சொந்தம். மனைக்கு அங்கீகாரம் இல்லை. இப்படி ஏதாவது கிளம்பி அதனால் வாங்குகிறவர் போனால், அச்சாரம் முழுவதையும் திருப்பிக் கொடுக்க வேண்டியது தான். நஷ்ட ஈடு கேட்டு அவரே நோட்டீசு விடலாம்.

பாங்கி கடன் கிடைக்காவிட்டால்? 'கடன் கிடைத்தால் தான் கிரயம்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் வாங்குகிறவர் தப்பித்தார். இல்லாவிட்டால் கடன் கிடைக்காதது அவர் பாடு. அந்த ஒரு வரியை எழுதச் சொல்ல மறந்து விட்டு அப்புறம் தலையில் கை வைக்கிறவர்கள் ஏராளம்.

வெளிநாட்டில் இதற்கு நாள் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கையெழுத்துப் போட்டு ஐந்து வேலை நாளுக்குள் மனம் மாறலாம். விலையில் கால் சதவீதம் மட்டும் போகும். பிரான்சில் பத்து நாள். அங்கே ஒன்றும் போகாது. தனியார் ஒருவர் மற்றொருவருக்கு வீடு விற்கும் போது நம் நாட்டில் அப்படி யோசிக்க நாள் கொடுக்கும் சட்டம் இல்லை. வேண்டும் என்றால் இருவரும் பேசி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். யாரும் தடுக்கவில்லை. யாரும் எழுதுவதும் இல்லை!

ஆளே வராவிட்டால்...

வாசலில் வந்து சொல்கிறவர் பரவாயில்லை. போனை எடுக்காமல் ஒளிகிறவர்தான் தலைவலி. அவருக்கு வக்கீல் நோட்டீசு ஒன்று தபாலில் போக வேண்டும். 'இன்ன தேதிக்குள் மீதிப் பணத்தோடு வந்து கிரயம் முடியுங்கள். இல்லாவிட்டால் ஒப்பந்தம் ரத்து' என்று அதில் தேதி இருக்க வேண்டும். அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். கிரயம் கேட்டு வழக்குப் போட மூன்று வருஷம் கெடு. ஒப்பந்தத்தில் தேதி இருந்தால் அந்த நாளிலிருந்து அது ஓடும். தேதி இல்லாவிட்டால், மறுத்து விட்டார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து. நோட்டீசு இல்லாமல் வாய்ப்பேச்சோடு விட்டால் அந்த நாள் எது என்பதற்கே ஒரு வழக்கு நடக்கும்.

நோட்டீசுக்குப் பிறகு வீட்டைச் சும்மா பூட்டி வைத்துக்கொண்டு 'நஷ்டம், நஷ்டம்' என்று புலம்பினாலும் கோர்ட்டு கேட்காது. நஷ்டத்தைக் குறைக்க என்ன முயற்சி எடுத்தாய் என்று கேட்கும். ரத்து முடிந்ததும் வேறு ஆள் பார்க்க வேண்டும். 30 லட்சத்து வீடு 29 லட்சத்துக்குத்தான் போயிற்று என்றால், அந்த ஒரு லட்சம் எழுத்தில் காட்டக்கூடிய நஷ்டம்.

கொடுக்கல் வாங்கலில் ஒரு எச்சரிக்கை. 2015 ஜூன் 1 முதல், வீடு, மனைக்கான முன்பணத்தை ரூ.20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. திருப்பிக் கொடுப்பதும் அப்படியே. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போடச் சட்டத்தில் இடம் உண்டு. ஜவுளி ஊரில் ரொக்கம்தான் பழக்கம் என்றால் வருமான வரி ஆபீசர் கேட்க மாட்டார். பிடித்துக்கொண்ட அச்சாரத்துக்கும் வரி உண்டு. 2014-ஆம் வருஷத்து நிதிச் சட்டம் வந்த பிறகு அது அந்த வருஷத்து வருமானத்தில் சேர்ந்து விடுகிறது. 3 லட்சத்தைப் பிடித்தவர் அதையும் கணக்கில் வைத்துத்தான் லாப நஷ்டம் பார்க்க வேண்டும்.

ரத்துப் பத்திரம் பதிவான பிறகு புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்து விட வேண்டும். ஒப்பந்தமும் அதில் இருக்கும். அதன் கீழே ரத்தும் ஏறியிருக்க வேண்டும். அடுத்து வாங்க வருகிறவர் கேட்பதற்கு முன்பே அதன் நகலை எடுத்து நீட்டினால் பேச்சு விலைக்குப் போய் விடும்.