தமிழுக்குப் பக்கத்தில் மலாயை வையுங்கள்

வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் வீட்டுக்கு முன்னால் நிற்கும் 'இன்', தமிழில் வீட்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. 'வீ' என்ற ஒரே சொல்லுக்கு நாம், நாங்கள் என்று இரண்டு. "ஏன் டீச்சர், தமிழ்ல எல்லாம் தலைகீழா இருக்கு?" என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் என்னிடம் கேட்காத ஆண்டே இருந்ததில்லை. குறும்புக்காகக் கேட்ட கேள்வி அல்ல அது. ஆங்கிலத்தை நேராக நிறுத்தி, அதை வைத்துத் தமிழை அளக்கத்தான் அவர்களுக்குத் தெரியும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதைத் தாண்டிய சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம், தமிழ் 2.5 விழுக்காடு.

அந்த அளவுகோலை வாரத்துக்கு ஒரு பாடவேளையாவது மாற்றிப் பார்க்க வேண்டும் என்கிறேன். தமிழுக்குப் பக்கத்தில் மலாயை வையுங்கள்.

நாம், நாங்கள் வேறுபாட்டை ஆங்கிலம் வழியாக விளக்கப் போனால் அரைமணி நேரம் ஓடிவிடும். கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் நாம், அவரை விட்டுவிட்டுச் சொன்னால் நாங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும், பிள்ளைகள் அதைத் தமிழ் வேண்டுமென்றே கட்டி வைத்த முடிச்சு என்றே நினைக்கிறார்கள். மலாயில் இதே வேறுபாடு அப்படியே இருக்கிறது: கித்தா என்றால் நாம், காமி என்றால் நாங்கள். பக்கத்து வகுப்பில் மலாய் படிக்கும் நண்பனுக்கும் இதே பாடம் உண்டு என்று தெரிந்த கணத்தில் பிள்ளையின் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். தன் மொழி விசித்திரமானது என்ற கூச்சம் அங்கேயே பாதி போய்விடுகிறது.

இன்னும் இருக்கிறது. 'மூன்று பேர்' என்று நாம் ஆட்களை எண்ணுகிறோம். மலாயில் 'தீகா ஓராங்'. ஒரு வாக்கியத்தைக் கேள்வியாக்க நமக்குக் கடைசியில் ஓர் 'ஆ' போதும்; அவர்களுக்கு ஒரு 'கா' போதும். மூத்தவரா இளையவரா என்று பாராமல் உடன்பிறந்தவரை அழைக்க நம் இருவராலும் முடியாது. அபாங் அண்ணன், காக்கா அக்கா. தம்பிக்கும் தங்கைக்கும் மட்டும் அவர்களிடம் 'ஆடிக்' என்ற ஒரே சொல். எம்ஆர்டி ரயிலின் மலாய் அறிவிப்பில் 'ஹாத்தி ஹாத்தி' என்று இரட்டித்து எச்சரிப்பதைக் கேட்கும் பிள்ளைக்கு, பாட்டி 'பார்த்துப் பார்த்துப் போ' என்று சொல்வது நினைவுக்கு வர வேண்டும். யாரும் சொல்லிக் கொடுக்காததால் வருவதில்லை.

வேற்றுமைகளும் அதே அளவுக்குப் பயனுள்ளவை. நாம் 'பெரிய வீடு' என்கிறோம். அவர்கள் 'ரூமா பெசார்', அதாவது வீடு பெரிய. 'டியா சுடா டாத்தாங்' என்று மூன்று சொற்களில் சொன்ன பிறகும் வந்தது அவனா அவளா என்று தெரியாது. 'வந்தாள்' என்ற ஒரே சொல்லில் நமக்கு ஆள், பால், காலம் மூன்றும் தெரிந்துவிடுகின்றன. தமிழ் வினைமுற்று எவ்வளவு சுமக்கிறது என்பதை இதைவிட எளிதாக என்னால் காட்ட முடிந்ததில்லை.

உறவில்லாத மொழிகளை ஒப்பிட்டு என்ன பயன் என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. கால்டுவெல் 1856ல் திராவிட மொழிகளை ஒப்பிட்டது அவற்றின் உறவை நிறுவுவதற்காக. ஆனால் காக்கேசிய மலைப்பகுதியின் அப்காஸ் மொழியில் 58 மெய்யொலிகளும் இரண்டே உயிரொலிகளும் இருப்பதையும், சுலோவாக் மொழியில் 'ர்', 'ல்' இரண்டும் உயிரெழுத்தின் வேலையைச் செய்வதையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், எந்தக் குடும்ப உறவையும் தேடவில்லை. மொழி என்பது எத்தனை விதமாக இருக்க முடியும் என்று பார்க்கிறார். நம் பிள்ளைகளுக்கும் அந்தப் பார்வை வேண்டும்.

கப்பல், கடை, கட்டில், பெட்டி எல்லாம் மலாய்க்குப் போயின என்ற பட்டியலோடு நம் மேடைப் பேச்சுகள் நின்றுவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை. கொடுத்தோம் என்ற பெருமை, எதிரில் இருப்பவரின் மொழியைக் கற்கத் தூண்டியதாகத் தெரியவில்லை.

கற்றவர்கள் இருந்தார்கள். 1796ல் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாவின் முன்னோரில் அரபியரும் தமிழரும் உண்டு. சிறுவயதிலேயே தமிழ் படித்தவர் அவர். 1849ல் சிங்கப்பூரில் அச்சான அவருடைய 'ஹிக்காயாட் அப்துல்லா'வால், நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படுகிறார். ஆசிரியர் குடியிருப்பு வட்டாரத்தில், தாகூர், காளிதாசர் பெயர்ச் சாலைகளுக்கு அருகே அவர் பெயரிலும் ஒரு சாலை இருக்கிறது. அந்த வழியாகப் பள்ளிக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும்?

செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் நான் வளர்ந்தபோது, மலாய் கற்க வகுப்பு தேவைப்படவில்லை. என் அம்மா கிணற்றடியில் கற்றார், அப்பா வேலையிடத்தில். இன்றும் தேக்கா ஈரச்சந்தையில் ஆட்டிறைச்சி வெட்டும் தமிழர், மலாய்ப் பாட்டிக்கு மலாயிலேயே கணக்குச் சொல்வதைக் கேட்கலாம். ஆனால் இருவரின் பேரப்பிள்ளைகளும் தங்களுக்குள் பேசுவது ஆங்கிலம்தான். ஒவ்வொருவரும் ஆங்கிலத்தோடு தத்தம் தாய்மொழியைக் கற்கும் நம் இருமொழிக் கொள்கை பலவற்றைக் காத்துத் தந்திருக்கிறது. அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் ஒரு தாய்மொழி இன்னொரு தாய்மொழியை நேரில் சந்திக்க அதில் இடம் குறைவு. மலாய் நம் தேசிய மொழி. சுபிர் சாயிட் 1958ல் இயற்றிய 'மாஜுலா சிங்கப்பூரா'வை நம் பிள்ளைகள் பள்ளியில் காலைதோறும் பாடுகிறார்கள். அதன் சொல்வரிசையைத் தமிழோடு வைத்து ஒரு முறைகூட நாம் விளக்குவதில்லை.

தேர்வு வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். தொடக்கநிலை ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் வாரம் ஒரு பாடவேளை போதும். தமிழாசிரியரும் மலாய் ஆசிரியரும் அந்த நேரத்தில் வகுப்பை மாற்றிக்கொள்ளட்டும். மலாய்ப் பிள்ளைகளும் தமிழைப் பார்க்கட்டும். பாடச்சுமை கூடும் என்று பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை, இலக்கணத்துக்கு இப்போது செலவாகும் நேரத்திலேயே இது அடங்கும். கல்வி அமைச்சு பாடநூல் ஒன்றைத் தயாரிக்க முன்வந்தால், கம்பத்தில் மலாய் பேசி வளர்ந்து, வகுப்பறையில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவர்கள் பலர் உதவக் காத்திருக்கிறோம். எங்களில் பெரும்பாலோர் எழுபதைக் கடந்துவிட்டோம்; அதனால் அடுத்த ஆண்டே தொடங்குங்கள் என்று கேட்கிறேன்.