மணி உண்டு, கயிறு எங்கே?

திருவாரூர்க் கதை நாமறிந்ததே. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்ததாம். ஓசை கேட்டதும் மனுநீதிச் சோழன் ஓடோடி வந்தானாம்! கதையோ கற்பனையோ, கிடக்கட்டும். அந்தப் பசுவிடம் வருமானச் சான்று கேட்டதாகக் கதை கட்டியவர்கூடச் சொல்லவில்லை!

அதே சோழ மண்டலத்தில், இன்று, என் மாணவன் ஒருவனின் தாய் மணியடிக்கப் போனாள். நாற்று நட்டுப் பிழைப்பவள். பாட்டன் காலந்தொட்டுக் குடியிருக்கும் மனையைக் காலி செய்யக் கோரி நிலக்காரர் தொடுத்த வழக்கின் அழைப்பாணை அவள் கையில். இலவசச் சட்ட உதவி நாடிச் சென்றோம். வருமானச் சான்று கேட்டனர். அலைந்து வாங்கி வந்தாள். அதிகாரி இல்லை, அடுத்த வாரம் என்றனர். அதற்கும் அடுத்த வாரம் என்றனர். ஒவ்வொரு நடையும் ஒருநாள் கூலியை விழுங்கிற்று. ஏழாம் வாரம் வழக்குரைஞர் கிடைத்தார். அதற்குள் வழக்கு நாள் வந்துபோய், அவள் தரப்பைக் கேளாமலே ஒருதலைத் தீர்ப்பும் ஆகிவிட்டது!

“எல்லாம் என் தலையெழுத்து சார்” என்றாள். தலையில் எழுதியவன் எவன்? கோப்பில் எழுதாதவன்தான் உண்டு, தாயே!

சட்டமா இல்லை? தஞ்சைக்கென்றே 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குடியிருப்பவருக்கே மனையைச் சொந்தமாக்க 1971-ல் சட்டம் வந்தது. அதை எடுத்துச்சொல்ல வாய் வேண்டாமா? அதற்காகவே 1976-ல் அரசியல் சட்டத்தில் 39அ விதி புகுந்தது. 1987-ல் இயற்றிய சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12-ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், காவலில் உள்ளோர் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. பெண்ணொருத்தியிடம் வருமானச் சான்று கேட்டது எந்தச் சட்டப்படி? மனுவின்மீது 7 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது விதிமுறை. ஏழு நாள் ஏழு வாரமானது எந்தக் கணக்குப்படி?

பணமில்லை, ஆளில்லை என்பார்கள். நிதியில்லை என்று கூறி அரசு தப்பமுடியாது என 1980-ல் காத்ரி வழக்கில் உச்சநீதிமன்றம் உரைத்தது. குற்றவாளிக் கூண்டில் நின்ற ஏழை கேட்கவில்லை என்பதற்காகச் சட்ட உதவியை மறுக்கலாகாது என 1986-ல் சுக்தாஸ் வழக்கில் கூறி, தண்டனையையே நீக்கிற்று. இவை குற்றவழக்குகள், ஆயினும் குடிசை இழப்பவளுக்கும் நெறி அதுவன்றோ?

தாமதம் நடுநிலை அன்று. காத்திருக்க நிலக்காரரால் முடியும். அவர் நெல் களஞ்சியத்தில் இருக்கிறது. கூலிக்காரியால் முடியாது, அவள் உலை அன்றாடம் கொதிக்கவேண்டும். ஆகவே தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் வலியவன் பக்கம் வழங்கும் தீர்ப்பே!

இளைஞர்களே, இரங்கல் கூட்டம் போதாது. மன்றந்தோறும் 12-ஆம் பிரிவைப் படித்துக் காட்டுங்கள். மனு எழுதிக் கொடுங்கள். தேதியிட்ட ஒப்புகைச் சீட்டின்றித் திரும்பாதீர்கள். எட்டாம் நாள் மீண்டும் போய் நில்லுங்கள். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100-ஐச் சேரியின் சுவர்தோறும் எழுதுங்கள்.

ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கோர 30 நாள் கெடு உண்டு. அந்தத் தாயின் மனுவைக் கெடுவுக்குள் கொடுத்துவிட்டோம். இம்முறை அவள் தனியாக நிற்கவில்லை; எங்கள் ஊர் இளைஞர் இருபது பேர் உடன் நின்றனர். கயிற்றை நாமே திரிப்போம். மணி ஒலித்தே தீரும்!