ஞாயிறு ஓட்டம் கடைசி ஆளின்ர வேகத்தில்தான்

ஒரு குழு மரதனுக்குப் பயிற்சி எடுக்குது எண்டால் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "உங்களுக்குள்ள ஆர் வேகம்?" எங்களிட்டக் கேட்டால், கடைசியா ஆர் வாறது, அவரோட ஆர் வாறது எண்டுதான் கேட்கவேணும். அது சரியில்லாத குழு என்ன நல்ல காரியத்துக்காக ஓடினாலும் பாதி ஆக்களை வழியில விட்டிட்டுத்தான் போகும்.

நாங்கள் 11 பேர். கம்பஸ் பெடியள், பெட்டையள், ஒரு வங்கி ஊழியர், ரெண்டு பிள்ளையளின்ர அம்மாவான ஒரு ரீச்சர் அக்கா. டயலிசிஸுக்குக் கிழமையில ரெண்டு மூண்டு தரம் தூரத்தில இருந்து வந்து போற சிறுநீரக நோயாளிகளின்ர பயணச் செலவுக்குக் காசு சேர்க்கிறம். கிலோமீற்றருக்கு இவ்வளவு எண்டு சொந்தக்காரரும் கூட்டாளிமாரும் எழுதித் தருகினம். 42.195 கிலோமீற்றரை மூண்டரை மணித்தியாலத்தில முடிச்சாலும் ஆறு மணித்தியாலத்தில முடிச்சாலும் அந்தக் காசு ஒண்டுதான். ரீசேட்டுக்கும் பதக்கத்துக்கும் எவ்வளவு போகுது எண்டதை வேறயாக் கதைக்கவேணும், அதை இன்னொருக்கா எழுதுவம்.

வட்சப்பில ஆதரவுக்குக் குறைவே இல்லை. "கலக்கிட்டீங்க அக்கா" எண்டு நெருப்புப் படம் பத்து விழும். ஆனால் ஆதரவு தேவைப்படுற இடம் பண்ணைப் பாலத்து வீதி. விடிய அஞ்சு மணி. ரெண்டு பக்கமும் கடல், காத்து முகத்தில அடிக்கும். அல்லைப்பிட்டி, மண்கும்பான் தாண்டி வேலணைப் பக்கம் போற அந்த நேர் வீதியில, குழு ரெண்டாவது கிலோமீற்றரிலயே இழுபட்டிட்டுது எண்டால் கடைசி ஆள் தனி. நாய் துரத்தினாலும் தனிய. ஒரு மோட்டார் சைக்கிள் வேகத்தைக் குறைச்சுப் பக்கத்தில வந்து, "என்ன தங்கச்சி, ஆரும் கலைக்கினமோ?" எண்டு கேட்டாலும் தனிய. பின்னுக்கு விடுபட்ட ஒரு பெடியனுக்கு மூச்சு வாங்கும், அவ்வளவுதான். ஒரு பெட்டைக்கு அடுத்த ஞாயிறே இல்லாமல் போகும். கதை வீட்டை போனால் அம்மா விடமாட்டா. அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு மன உறுதி காணாது எண்டு சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

இது எங்கட ஊருக்கு மட்டும் உரிய கதையும் இல்லை. 1967 இல கத்ரின் சுவிட்சர் 261 ஆம் இலக்கத்தோட பொஸ்ரன் மரதன் ஓடினதும், ஒரு அதிகாரி ஓடிவந்து அந்த இலக்கத்தைப் பிய்க்கப் பார்த்ததும் பலர் பார்த்த படம். அந்தப் படத்தில எங்களுக்குப் பிடிச்ச ஆள் ஆர்னி பிரிக்ஸ். பொஸ்ரனில பல தரம் ஓடின 50 வயதுத் தபால்காரர். பெண்ணுக்கு அந்தத் தூரம் ஏலாது எண்டு முதலில் நம்பினவரும் அவர்தான். பயிற்சியில சுவிட்சர் 31 மைல் அவரோட ஓடிக் காட்டினதுக்குப் பிறகு, நீ பேரைப் பதி எண்டு நிண்டதும் அவர்தான். போட்டியண்டு சுவிட்சரின்ர காதலன் அதிகாரியைத் தள்ளி விழுத்தினார், பிறகு கோவிச்சுக்கொண்டு முன்னுக்குப் போயிட்டார். பிரிக்ஸ் மட்டும் நாலு மணித்தியாலத்துக்கு மேல, கடைசி வரைக்கும் பக்கத்திலயே ஓடினார். தள்ளி விழுத்தினதைத்தான் எல்லாரும் கதைக்கினம். எங்களுக்குப் பெரிசாத் தெரியிறது அந்த நாலு மணித்தியாலம். பொஸ்ரனில பெண்களை முறைப்படி சேர்த்தது 1972 இல, ஒலிம்பிக்கில பெண்கள் மரதன் வந்தது 1984 இல.

"அப்ப வேகமா ஓடுறவன் என்ன செய்யிறது? எங்களுக்கும் பயிற்சி வேணும்தானே?" நியாயமான கேள்வி. செவ்வாயும் வியாழனும் அவையின்ர நாள், ஏலுமான அளவுக்குப் பறக்கட்டும். ஞாயிறு நீண்ட ஓட்டம் மெதுவாத்தான் ஓடவேணும் எண்டு பயிற்சியாளர்மாரே சொல்லுவினம். ஓடிக்கொண்டே ஒரு முழு வசனம் கதைக்க ஏலவேணும், அதுதான் அளவு. உடம்பில சேர்த்து வச்ச மாச்சத்து 30 கிலோமீற்றர் கடக்கேக்குள்ள பெரும்பாலும் கரைஞ்சு போகும், பிறகு கால் ஈயமாகும். கொழுப்பைக் கூடுதலா எரிச்சு ஓட உடம்பைப் பழக்கிறது இந்த மெதுவான நீண்ட ஓட்டங்கள்தான். ஞாயிறும் பாய்ஞ்சு ஓடுறவை முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறதை எந்தக் குழுவிலயும் பார்க்கலாம். ஆகவே ரீச்சர் அக்கா பின்னுக்கு வாறது வேகக்காரருக்கு இடைஞ்சல் இல்லை, இலவசமாக் கிடைச்ச கடிவாளம். அப்பவும் கால் உழைஞ்சால் வேறொரு வழி இருக்கு: முன்னுக்குப் போறவை ஒவ்வொரு ரெண்டு கிலோமீற்றருக்கும் திரும்பி ஓடிவந்து கடைசி ஆளைத் தொட்டிட்டுப் போகவேணும். அவைக்குத் தூரமும் கூடும், பின்னால வாறவைக்குத் துணையும் கிடைக்கும். தண்ணிப் போத்தலும் அவையின்ர கையிலதான்.

2011 இல தேவேந்திரமுனையில இருந்து பருத்தித்துறை வரைக்கும் 27 நாள் ஒரு கூட்டம் நடந்தது. தெல்லிப்பளையில புற்றுநோய் மருத்துவமனை கட்டக் காசு சேர்த்த நடை அது. நடை எண்டபடியால் ஒரு நாளைக்கு வந்து சேர்ந்தவை, வயசானவை எண்டு எல்லாருக்கும் அதில இடம் இருந்தது. மரதனில நேரம் எண்ட ஒரு சனியன் இருக்கு. மணிக்கூட்டைப் பார்த்தால் பக்கத்தில ஆர் எண்டது மறந்துபோகும்.

போட்டியண்டும் ஒண்டாத்தான் ஓடவேணுமோ எண்டு எங்களுக்குள்ள இன்னும் இழுபறி. சேர்ந்தே முடிப்பம் எண்டு சிலர். நாலு மாசம் பயிற்சி எடுத்தவன் அண்டைக்காவது தன்ர நேரத்தைப் பார்க்கட்டும் எண்டு மற்றவை. இப்போதைக்கு ஒத்துக்கொண்டது இவ்வளவுதான்: வேகக்காரர் போகலாம். ஆனால் முடிச்சு, பதக்கத்தோட படம் எடுத்த கையோட, 38 ஆவது கிலோமீற்றர் மட்டும் திரும்பி நடந்து வரவேணும். ரீச்சர் அக்கா அந்த இடத்தில நிக்கிற நேரத்தை இப்பவே கணக்குப் பார்த்துச் சொல்லிப்போட்டா.