எல்லை மரமும் எல்லைக்கல்லும்: அகற்றும் முன் அளந்து பதிவு செய்ய வேண்டும்

காணி உறுதியில் எல்லையாகப் பெயர் சொல்லப்பட்ட மரத்தையும், நில அளவையாளர் நட்ட கல்லையும், அவை நிற்கும் இடத்தை அளந்து பதிவு செய்யாமல் யாரும் அகற்றக் கூடாது. கண்டி நகரிலும் அதைச் சூழ்ந்த யட்டிநுவர, உடுநுவர, ஹாரிஸ்பத்துவ, பாததும்பர, ஹேவாஹெட்ட பகுதிகளிலும் உள்ள காணிகள் குறித்து எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இதுதான். வீதி அகலிக்க மண் வெட்டும் இயந்திரம், வீட்டுத் தோட்டங்களைச் சிறு துண்டுகளாக்கி விற்கும் வியாபாரம், புதிய வரைபடம் வந்த பிறகு பழைய கல் எதற்கு என்ற எண்ணம் ஆகிய மூன்றும் சேர்ந்து இந்த அடையாளங்களை ஒவ்வொன்றாக இல்லாமற் செய்கின்றன. பழமையைப் போற்ற வேண்டும் என்ற ஆசை எங்களுக்கு உண்டு. ஆனால் இந்தக் கோரிக்கை அதன் மேல் நிற்கவில்லை. ஒரு காணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கான சாட்சியம் அந்த மரத்திடமும் கல்லிடமும் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதிக்கொள்வதற்கு முன் சாட்சியை அப்புறப்படுத்துவது நியாயமாகாது.

கண்டி இராச்சியத்தில் வயலின் பரப்பைச் சதுர அடியில் யாரும் சொல்லவில்லை. எவ்வளவு நெல் விதைக்கலாம் என்பதே அளவாக இருந்தது. பத்து லாஸ் ஒரு பெல, நான்கு பெல ஓர் அமுணம். மண்ணும் நீரும் விதைக்கிற கையும் மாறினால் ஒரே அமுணம் விரியும், சுருங்கும். அளவு இப்படி நெகிழ்ந்து கிடந்த நாட்டில் அசையாமல் நின்றது எல்லை மட்டுமே: கிழக்கே ஓடை, தெற்கே பாறை, மேற்கே பலாமரம், வடக்கே அகழ். 'கடயிம் பொத்' எனப்படும் சிங்கள எல்லை நூல்கள் நாட்டுப் பிரிவுகளையே ஆறு, மலை, பாறை, மரம் என்று வரிசைப்படுத்தி வகுத்தன. நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், 1344இல், உடுநுவரவில் எழுந்த லங்காதிலக விகாரைக்கு அளித்த கொடைகளைச் சொல்லும் கல்வெட்டு அங்குள்ள பாறையிலேயே சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டுப் பல்லவர், சோழர் செப்பேடுகளை வாசித்தவர்களுக்கு இந்த வழக்கம் புதிதல்ல. கொடைநிலத்தைச் சுற்றிப் பெண்யானையை நடத்தி, அது சென்ற வழியில் கல்லையும் கள்ளியையும் நட்டு எல்லை காட்டியதை அவை திரும்பத் திரும்பப் பதிவு செய்கின்றன. உயிரற்றது ஒன்று, உயிருள்ளது ஒன்று. கல் பெயர்ந்தாலும் கள்ளி நிற்கும், கள்ளி பட்டுப்போனாலும் கல் இருக்கும் என்ற கணக்கு அதில் இருந்திருக்க வேண்டும் என்றே நாங்கள் எண்ணுகிறோம்.

எல்லைச் சாட்சியம் இல்லாதவருக்கு என்ன நடக்கும் என்பதைக் கண்டிப் பிரதேசம் ஒருமுறை அனுபவித்துவிட்டது. 1815 மார்ச் 2இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் அத்துமீறல் கட்டளைச் சட்டம் வந்தது. காடும், தரிசும், பயிரிடப்படாத நிலமும் மாறாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியவை என்று அது எடுத்துக்கொண்டது. சில ஆண்டுகள் விட்டுப் பயிரிடும் சேனைக் காணிகளைப் பொறுத்தவரை, தோம்புப் பதிவேடு இல்லாத கண்டிப் பகுதிகளுக்கு விதி இன்னும் கடுமையாக இருந்தது. சன்னஸ் எனும் அரச கொடைப் பட்டயத்தைக் காட்டினால் மட்டும் போதாது. அந்தக் காணியின் எல்லைகளுக்குத் திருப்தியான சான்றும் வேண்டும். இல்லையேல் வழக்கமான வரியோ சேவையோ செலுத்தியதைக் காட்ட வேண்டும். பட்டயத்தை வீட்டுப் பெட்டியில் பூட்டி வைக்கலாம். எல்லையை அப்படிப் பூட்டி வைக்க முடியாது. அது மலைச்சரிவில் ஒரு பாறையாகவும் மரமாகவும் கிடந்தது. அதைச் சுட்டிக்காட்ட முடியாத கிராமத்தவரின் நிலம் முடிக்குரியதாகி, ஏக்கர் ஐந்து சிலிங் விலையில் கோப்பித் தோட்டக்காரர்களுக்குப் போனது. 1897ஆம் ஆண்டின் தரிசு நிலக் கட்டளைச் சட்டமும் இதே தடத்தில்தான் நடந்தது. எல்லை அடையாளம் இழப்பதை நாங்கள் வெறும் அழகுக் குறைவாகப் பார்க்காததற்கு இந்த வரலாறே காரணம்.

இன்றைய வழக்குகளிலும் அந்த அடையாளங்களின் பெறுமதி குறையவில்லை. உறுதியில் சொன்ன பரப்புக்கும் எல்லைக்கும் முரண்பாடு வந்தால், எல்லை தெளிவாக இருக்கும்வரை எல்லையே மேலோங்கும் என்பது இலங்கை நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் விதி. அது ஏன் என்பதைக் கண்டியின் நிலமே விளக்கும். பழைய அளவைகள் 66 அடிச் சங்கிலியால் செய்யப்பட்டவை. 20 பாகைச் சரிவில் சங்கிலியைத் தரையோடு கிடத்தி இழுத்தால், 66 அடி என்று எழுதப்படுவது கிடைநிலையில் 62 அடிதான். ஒரு சங்கிலி நீள எல்லையில் நான்கு அடி பிசகினால் 264 சதுர அடி, அதாவது ஏறக்குறைய ஒரு பேர்ச் கைமாறிவிடும். கண்டி நகருக்கு அருகே ஒரு பேர்ச் காணியின் விலை என்ன என்பதை வாசகர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. திசைகாட்டியால் எடுத்த கோணங்களிலும் பிழை உண்டு. இந்தப் பிழைகளைத் திருத்திப் பழைய வரைபடத்தைப் புதியதன் மேல் பொருத்திப் பார்க்க, இரண்டிலும் அடையாளம் காணக்கூடிய சில புள்ளிகள் தரையில் இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு வேண்டும். மூன்றாவது இருந்தால்தான் முதலிரண்டும் சரியா என்று சோதிக்க முடியும். அப்படிப்பட்ட புள்ளி பெரும்பாலும் ஒரு கல், பாறையில் வெட்டிய ஒரு குறி, அல்லது ஒரு கிழட்டுப் பலாமரம். அது போய்விட்டால் எவ்வளவு திறமையான அளவையாளரும் ஊகத்தில்தான் கோடு இழுக்க வேண்டியிருக்கும்.

செய்மதி வழியாகத் துல்லியமாக ஆள்கூறு எடுக்க முடிகிற காலத்தில் மரமும் கல்லும் எதற்கு என்று கேட்கிறார்கள். நேர்மையான கேள்வி. ஆனால் ஆள்கூறு சொல்வது ஒரு புள்ளி எங்கே இருக்கிறது என்பதை. அந்தப் புள்ளி எல்லையா இல்லையா என்பதைச் செய்மதி அறியாது. அதைத் தீர்மானிக்க உறுதியையும் தரையையும்தான் பார்க்க வேண்டும். அதோடு எண்களும் மாறக்கூடியவை. இலங்கையின் பழைய வரைபடக் கட்ட அமைப்பில் தொடக்கப் புள்ளியான பீதுருதாலகாலைக்கு இரு திசையிலும் 2,00,000 மீற்றர் என்ற மதிப்பு இருந்தது. 1999ஆம் ஆண்டின் புதிய அமைப்பில் அது 5,00,000 ஆனது. மலை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின்படி 2007 முதல் நடைபெறும் பிம்சவிய திட்டத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. தெளிவான உரித்து ஏழைக் குடும்பத்துக்கே அதிகம் பயன்படும். எங்கள் கவலை வேறு. உரித்துச் சான்றிதழ் காணித்துண்டின் இலக்கத்தைச் சொல்லும். பழைய உறுதியிலிருந்த நான்கு எல்லைகளும் அத்தோடு ஏட்டிலிருந்து மறைந்துவிடும். முதற் பதிவில் பிழை நேர்ந்திருந்தால் அதைக் காட்டக்கூடிய ஒரே பொருள் தரையில் மிஞ்சிய அடையாளமே. ஆகவே துல்லியமான கருவி வந்துவிட்டது என்பது அடையாளத்தை உடனே அளந்துகொள்ளக் காரணமாகுமே தவிர, அதைக் கைவிடக் காரணமாகாது.

மரம் சாகும், கல்லை இரவோடிரவாக நகர்த்தலாம், இவற்றை எப்படி நம்புவது என்பது அடுத்த கேள்வி. தனித்து நிற்கும் ஒரு கல்லை நாங்களும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. ஒரு கல், அதன் வரிசையில் ஒரு முதுமரம், இரண்டுக்கும் இடையே தூர்ந்துபோன அகழின் பள்ளம், அயலவரின் உறுதியிலும் அதே மரத்தின் பெயர் என்று பல சான்றுகள் ஒத்துப்போகும்போது பொய் சொல்வது கடினமாகிறது. நகர்த்தப்பட்ட கல் அந்தக் கூட்டத்தில் தனியே தெரியும். அமெரிக்காவில் பொதுநில அளவையாளர்கள் மூலைக்கல்லுக்கு அருகே இருந்த மரங்களின் இனம், பருமன், தூரம், திசை அனைத்தையும் குறிப்பேட்டில் எழுதினார்கள். கல் தொலைந்த இடங்களில் அந்தக் குறிப்பு மூலையை மீட்டுத் தந்தது. பிற்காலத்தில் குடியேற்றத்துக்கு முந்திய காடு எப்படி இருந்தது என்று ஆராய்ந்தவர்களுக்கும் அதே குறிப்பு உதவியது. பலாவும் கித்துளும் மிளகுக்கொடியும் நெருங்கி நிற்கும் கண்டி வீட்டுத் தோட்டங்களில் இப்படி ஒரு பதிவு இருந்தால் எவ்வளவு அறியலாம் என்று எண்ணிப் பார்க்கும்போது ஏக்கமே மிஞ்சுகிறது.

குடியேற்ற ஆட்சியின் கற்களை ஏன் காக்க வேண்டும், அவை நிலத்தைப் பறித்தவர்களின் கற்கள் அல்லவா என்று கேட்பவர்களின் சினத்தை நாங்கள் மதிக்கிறோம். பறிப்பு நடந்த இடத்தின் தடயத்தை அழிப்பதால் பறிகொடுத்தவருக்கு ஒரு பயனும் இல்லை. எந்தச் சேனை எந்தக் கோட்டில் வெட்டப்பட்டது, எந்த ஊரின் மேய்ச்சல் நிலம் எந்தத் தோட்டத்துக்குள் போனது என்பதை அந்தக் கற்கள் காட்டுகின்றன. சட்டத்திலும் இங்கே ஓர் இடைவெளி இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய நினைவுச்சின்னங்களையே புராதனமானவையாகக் கொள்கிறது. கண்டி வீழ்ந்த நாளே எல்லைக்கோடு ஆனதால், அதன் பின் அளவையாளர் நட்ட கற்கள் தாமாக அந்தக் காப்புக்குள் வருவதில்லை. வரலாற்றுத் தொடர்புள்ள மரத்தை வர்த்தமானி மூலம் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்க அதே சட்டம் இடம் தருகிறது. அந்த அதிகாரம் புனித மரங்களோடு நின்றுவிடாமல், சன்னஸிலோ பழைய அளவை வரைபடத்திலோ பெயர் பெற்ற எல்லை மரங்களுக்கும் எட்ட வேண்டும்.

காணிச் சொந்தக்காரரின் உரிமையில் தலையிடுகிறோம், முறிந்து விழக்கூடிய மரத்தையும் வெட்டவிடாமல் தடுக்கிறோம் என்ற அச்சமும் உண்டு. நாங்கள் தடை கேட்கவில்லை; ஒழுங்கு கேட்கிறோம். மண்சரிவு அபாயமுள்ள மேட்டில் சாய்ந்து நிற்கும் மரத்தை வெட்டத்தான் வேண்டும். வெட்டுமுன் அதன் நடுவை அளந்து, படம் எடுத்து, இனமும் சுற்றளவும் எழுதி, அடிமரம் இருந்த இடத்தில் ஒரு குறியைப் புதைத்துவிட்டால் சாட்சியம் பிழைத்துக்கொள்ளும். இதற்குப் புதிய திணைக்களம் வேண்டியதில்லை. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலாமரம் வெட்ட இப்போதே அனுமதி பெற வேண்டும். அந்த விண்ணப்பத்தில், இந்த மரம் எந்த உறுதியிலாவது எல்லையாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று ஒரு வரி சேர்த்தால் போதும். 1977ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டத்தின்படி ஆணை பெற்றுச் செல்லும் அளவையாளர் கட்டடம், மதில், வேலி, பயிர், கிணறு அனைத்தையும் ஏற்கனவே அறிக்கையிடுகிறார். அதே கவனத்தோடு எல்லையில் நிற்கும் பழைய மரத்தையும் கல்லையும் தனித்தனியே ஆள்கூற்றோடு குறிக்கச் செய்வது சிறிய வேலை. செலவைச் சொந்தக்காரரின் தலையில் கட்டக் கூடாது. வீதி அகலிப்பில் அதைத் திட்டமே ஏற்க வேண்டும், தனியார் காணியில் பிரதேச செயலகம் ஏற்க வேண்டும்.

பெருந்தோட்டக் குடும்பங்களுக்கு இந்த விடயம் மற்ற எவரையும்விட அவசரமானது. காணியோடு வீடு என்று தோட்டங்களில் சிறு துண்டுகள் பிரிக்கப்படுகின்றன. அந்தத் துண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைபடத்தில் வெளி எல்லை வகுக்கப்பட்ட ஒரு தோட்டத்திலிருந்து வெட்டி எடுக்கப்படுவது. வெளி எல்லையே பிசகியிருந்தால், அதன் ஓரத்தில் வீடு கட்டிய குடும்பம் பக்கத்துக் கிராமத்தோடோ வனத் திணைக்களத்தோடோ வழக்காட நேரிடும். வழக்காடப் பணமும் இருக்காது, காட்டப் பழைய உறுதியும் இருக்காது. ஆகவே தோட்டக் காணிகளில் வரையப்படும் ஒவ்வொரு புதிய வரைபடமும் குறைந்தது இரண்டு பழைய எல்லை அடையாளங்களோடு இணைக்கப்பட வேண்டும் என்று நில அளவைத் திணைக்களத்தைக் கேட்டுக்கொள்கிறோம். அந்த அடையாளங்களைத் தேடும்போது காரியாலயக் கோப்போடு நின்றுவிடாமல், அதே மலைகளில் தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களையும் கவ்வாத்து வெட்டியவர்களையும் கூட்டிச் சென்று கேட்க வேண்டும். எந்த நம்பர் மலையின் மேல் எந்தக் கல் கிடக்கிறது, எந்த மரத்தடியில் தோட்டம் முடிகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் வழங்கும் தமிழ்ப் பெயர், கிராமத்தவர் வழங்கும் சிங்களப் பெயர் இரண்டும் அந்த வரைபடத்தின் குறிப்பிலேயே எழுதப்பட வேண்டும்.