சீரான அறுபது



ஆண்டுத் தேர்வுகள் முடியும் பருவத்தில் நமக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி மட்டும் தவறுவதே இல்லை. "கேம் விளையாட 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் போதுமா, 240 வாங்கணுமா?" அதே வாரம் வேறொரு வீட்டிலிருந்து ஓர் அப்பாவோ அம்மாவோ எழுதுவார்கள்: "பிள்ளை பிடிவாதமாகக் கேட்கிறான். இது நிஜமான தேவையா, விளம்பரம் ஏற்படுத்திய ஆசையா?" இரு தரப்புக்கும் சேர்த்தே இந்த மாதம் எழுதுகிறேன்.

எண்கள் இரண்டு. உங்கள் கிராபிக்ஸ் கார்டு விநாடிக்கு எத்தனை படங்களை வரைந்து முடிக்கிறது என்பது ஃபிரேம் ரேட்; எஃப்பிஎஸ் என்று சொல்கிறோமே, அது. மானிட்டர் விநாடிக்கு எத்தனை முறை திரையைப் புதுப்பிக்கிறது என்பது ரெஃப்ரெஷ் ரேட். அதைத்தான் ஹெர்ட்ஸில் சொல்கிறார்கள். கார்டு 50 படங்களைத்தான் வரையும் என்றால், 240 ஹெர்ட்ஸுக்காகக் கூடுதலாகக் கொடுத்த பணம் விளையாட்டில் தெரியாது. 2022-ல் வந்த எல்டன் ரிங் என்ற ஆட்டம் கணினியில் 60 எஃப்பிஎஸ்ஸுக்கு மேல் போகாதபடியே பூட்டப்பட்டு வந்தது. அதை மட்டும் ஆடுகிறவருக்கு 60-ஐத் தாண்டிய மானிட்டரால் பெரிய லாபம் இல்லை.

"சினிமாவே விநாடிக்கு 24 படம்தானே ஓடுகிறது, கண்ணுக்கு அதற்கு மேல் என்ன தெரியப்போகிறது?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் சினிமா கேமரா ஒவ்வொரு படத்தையும் எடுக்கும்போது ஷட்டர் சிறிது நேரம் திறந்திருக்கிறது. ஓடுகிறவனின் கால் அதில் கலங்கலாகவே பதிகிறது. அந்தக் கலங்கல்தான் ஒரு படத்தை அடுத்த படத்தோடு ஒட்டவைக்கிறது. கேமில் கார்டு வரையும் ஒவ்வொரு படமும் ஒரு கணத்தை உறையவைத்தாற்போல் கூர்மையாக இருக்கும். இன்னொன்று, தியேட்டரில் நம் கைக்கு வேலையில்லை. இங்கே மவுஸை அசைக்கிறோம், திரை பதில் சொல்ல வேண்டும். 30 எஃப்பிஎஸ்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி 33 மில்லி விநாடி, 60-ல் 16.7. கண் கவனிக்காமல் விட்டாலும் கை கண்டுபிடித்துவிடும்.

படம் வரையும் வேகம் விளையாட்டின் உடம்பிலேயே கலந்த ஒன்று. 1978-ல் தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸை நினைத்துப் பாருங்கள். எதிரிகளைச் சுட்டு வீழ்த்த வீழ்த்த, மிஞ்சியவர்கள் வேகமெடுப்பார்கள். வரைய வேண்டிய உருவங்கள் குறையக் குறைய இயந்திரத்தின் வேலை குறைந்து, மிச்சம் உள்ளவை வேகமாக நகர்ந்தன. அவர் அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டார். உலகமே அந்தப் பதற்றத்துக்கு மயங்கியது. 1999-ன் குவேக் 3 அரீனாவில் ஃபிரேம் ரேட்டைப் பொறுத்துத் தாவும் உயரமே மாறியது. 125 எஃப்பிஎஸ்ஸில் வைத்தால் கூடுதலாகத் தாவலாம் என்று கண்டுபிடித்த ஆட்டக்காரர்கள் அந்த எண்ணிலேயே நின்றார்கள்.

சரி, ஹெர்ட்ஸ் கூடினால் என்ன கிடைக்கும்? முதலில் தெளிவு. விநாடிக்கு 960 பிக்சல் வேகத்தில் திரையைக் கடக்கும் எதிரியை உங்கள் கண் தொடர்ந்து போகிறது. 60 ஹெர்ட்ஸ் எல்சிடியில் ஒவ்வொரு படமும் 16.7 மில்லி விநாடி அசையாமல் நிற்கிறது, கண்ணோ நிற்பதில்லை. அதனால் அந்த உருவம் 16 பிக்சல் அகலத்துக்கு இழுபட்டுத் தெரிகிறது. 120-ல் அது 8 பிக்சல், 240-ல் 4. பழைய பருத்த குழாய் மானிட்டர்களில் ஒவ்வொரு படமும் கணநேரம் மின்னி மறைந்துவிடும் என்பதால் இந்த இழுப்பு இல்லை. தட்டைத் திரை வந்த பிறகும் போட்டி ஆட்டக்காரர்கள் பலர் குழாய் மானிட்டரை விடாமல் வைத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் லாபம் படிக்குப் படி பாதியாகும். 60-லிருந்து 120-க்குப் போனால் ஒவ்வொரு படத்திலும் 8.3 மில்லி விநாடி மிச்சம். 120-லிருந்து 240-க்கு 4.2. அங்கிருந்து 480-க்கு 2.1 மட்டுமே. முதல் படியை எவரும் மவுஸை ஒரு முறை ஆட்டிப் பார்த்தே உணரலாம். அதற்கு மேலுள்ள படிகள் வாலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற ஆட்டங்களைப் போட்டிக்காகவே ஆடுகிறவர்களுக்கு உரியவை.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன். 2011 செப்டம்பரில் டெக் ரிப்போர்ட் தளத்தின் ஸ்காட் வாசன் ஒரு கட்டுரை எழுதினார். அதுவரை கார்டுகளைச் சோதித்தவர்கள், மொத்தப் படங்களை விநாடிகளால் வகுத்து சராசரி எஃப்பிஎஸ் சொல்லிவந்தார்கள். வாசன் அந்த ஒரு விநாடிக்கு உள்ளேயே புகுந்தார். ஒவ்வொரு படமும் எத்தனை மில்லி விநாடி எடுத்தது என்று தனித்தனியாக அளந்தார். ஒரு விநாடியில் 59 படங்கள் தலா 13.5 மில்லி விநாடியில் வந்து, ஒரே ஒரு படம் மட்டும் 200 மில்லி விநாடிக்கு மேல் இழுத்தாலும் கணக்கில் 60 எஃப்பிஎஸ்தான். திரையிலோ ஆட்டம் ஒரு கணம் செத்து உயிர்க்கும். மணிக்கு ஆறு பஸ் என்று அட்டவணையில் இருந்தும், ஆறும் ஒன்றன் வால் பிடித்து ஒன்றாக வந்தால் நிறுத்தத்தில் நிற்பவர் பாடு என்ன ஆகுமோ, அதே கதை.

இரண்டு கார்டுகளைச் சேர்த்துப் போடும் வழக்கம் அப்போது இருந்தது. எண்ணிக்கை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், ஆட்டம் மட்டும் அந்த அளவுக்கு வழுக்கிக்கொண்டு ஓடாது. ஏன் என்பது இந்த அளவுமுறை பரவிய பிறகு வெளிப்பட்டது: படங்கள் ஜோடி ஜோடியாக ஒட்டி வந்துகொண்டிருந்தன. படங்களின் இடைவெளியைச் சீராக்கும் டிரைவரை, கார்டு தயாரிக்கும் ஏஎம்டி 2013 ஆகஸ்டில் வெளியிட்டது. இன்று நீங்கள் படிக்கும் விமர்சனங்களில் சராசரிக்குப் பக்கத்தில் '1 சதவீத லோ' என்று ஓர் எண் இருக்கும்; மிக மெதுவாக வந்த ஒரு சதவீதப் படங்களின் வேகத்தைச் சொல்வது அது. அந்த எண்ணை முதலில் பாருங்கள். சராசரி 110, லோ 38 என்ற கார்டைவிட, சராசரி 85, லோ 70 என்ற கார்டு ஆடுவதற்கு இனிமையானது.

கார்டின் வேகமும் மானிட்டரின் வேகமும் ஒத்துப்போகாதபோது இன்னொரு தொல்லை. திரை புதுப்பித்துக்கொண்டிருக்கும் நடுவில் புதுப் படம் நுழைந்தால் மேல்பாதி ஒன்றும் கீழ்பாதி ஒன்றுமாகக் குறுக்கே கிழிந்தாற்போல் தெரியும். திரை அடுத்த முறை புதுப்பிக்கும் வரை படத்தை நிறுத்திவைக்கும் வி-சிங்க்கைப் போட்டால் கிழிசல் போகும், ஆனால் மவுஸுக்குத் திரை தாமதமாகப் பதில் சொல்வதால் கை சற்றுக் கனக்கும். கார்டு படம் முடிக்கும் நேரத்துக்கு மானிட்டரே காத்திருந்தால் என்ன என்ற யோசனையோடு 2013-ல் இன்னொரு கார்டு நிறுவனமான என்விடியா ஜி-சிங்க்கை அறிவித்தது. அதற்கு மானிட்டருக்குள் தனிச் சாதனம் வேண்டியிருந்தது, விலையும் ஏறியது. 2014-ல் திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு இதையே பொதுத் தரமாக்கியது, 2015-ல் அதைப் பயன்படுத்தும் ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் மானிட்டர்கள் வந்தன, 2019-ல் என்விடியாவும் அந்தப் பொதுத் தரத்துக்குத் தன் கார்டுகளைத் திறந்துவிட்டது. இன்று நடுத்தர விலை கேமிங் மானிட்டர்களில்கூட இந்த வசதி இருக்கிறது. 240 என்ற எண்ணுக்குச் செலவழிப்பதற்கு முன் இது இருக்கிறதா என்று கேளுங்கள்.

விளம்பரத்தில் வரும் எஃப்பிஎஸ் எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 2022-ல் வந்த என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 3 என்ற நுட்பம் இரண்டு நிஜப் படங்களுக்கு நடுவே ஒரு படத்தைத் தானே இட்டு நிரப்புகிறது. பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் இட்டு நிரப்பிய படத்துக்கு உங்கள் மவுஸ் அசைந்தது தெரியாது. விளம்பரத்தில் 120 என்று இருந்தும் கைக்கு 60 போலவே படும். 30-ஐ 60 ஆக்கிக் காட்டினால் கனம் நன்றாகவே தெரியும்.

போனில் பிஜிஎம்ஐ ஆடும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. 90 எஃப்பிஎஸ் வைத்து ஆடும்போது போன் சூடேறினால், தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குறி வைக்கும் நேரத்தில் ஃபிரேம் டிராப் ஆவதைவிட, கடைசி வட்டம் வரை ஆடாத அசையாத 60 நல்லது.

பெற்றோருக்கு என் பதில் இது. பிள்ளை சுடும் ஆட்டங்களை விரும்பி ஆடுகிறான், கணினியும் விநாடிக்கு நூறு படங்களைத் தருகிறது என்றால், 120 அல்லது 144 கேட்பது வெறும் ஆசை அல்ல. வாங்கிக் கொடுங்கள். கணினி 50, 60-லேயே மூச்சு வாங்கினால் மானிட்டர் இப்போதைக்கு இருக்கட்டும்.

ஏற்கெனவே 144 வாங்கிவிட்டவர்கள் இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் ரெஃப்ரெஷ் ரேட் எவ்வளவு என்று பாருங்கள். பல வீடுகளில் அது இன்னமும் 60-லேயே கிடக்கிறது; அல்லது பழைய எச்டிஎம்ஐ கேபிள் அதற்கு மேல் விடுவதில்லை. அதைச் சரிசெய்துவிட்டு, உங்கள் ஆட்டத்தில் எஃப்பிஎஸ் வரம்பை உங்கள் கணினி எப்போதும் எட்டக்கூடிய ஓர் எண்ணில் நிறுத்தி ஒரு வாரம் ஆடிப் பாருங்கள். எந்தக் கார்டு, எந்த ஆட்டம், எந்த எண்ணில் கை இலேசானது என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கிவைக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்