கமலைச் சாலில் வெற்றிலைக் கொடி

கேள்வி: தொழுவத்தில் கிடக்கும் கமலைச் சால், ஆட்டுக்கல், காலி பூச்சிமருந்து கேன்களைக் கழுவி, முற்றத்தில் அழகுக்குச் செடி வைக்கலாமா? – மேலூர் பகுதி வாசகி

பதில்: சாலை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் பழைய சாமான் தேடி வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள்; நம் தொழுவத்தில் அது துருப்பிடிக்கிறது. தோல் வால் கட்டிய அடிவாய் திறந்திருப்பதால் சாலில் நீர் தானே வடியும். அதன்மேல் ஓட்டுச் சில்லுகளைப் பரப்பி, செம்மண், மணல், மக்கிய தொழு உரம் கலந்து நிரப்புங்கள். மதுரை வெயிலில் இரும்பு கொதிக்கும். ஆகவே மரநிழலில் வைத்து, நிழல் விரும்பும் சோழவந்தான் வெற்றிலைக் கொடியை ஊன்றுங்கள்.

ஆட்டுக்கல் குழியில் குருவிக்குத் தண்ணீர் வைக்கலாம். ஆனால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை கல்லில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. இரண்டு நாளுக்கொருமுறை தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள்.

மருந்து கேன் மட்டும் கூடவே கூடாது. எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறிய மருந்து முழுதும் போகாது. இன்று பூச்செடி வைத்த கேனில் நாளை புதினா வளரும். கோடையில் அதுவே தண்ணீர் கேனாகிவிடும். காலிக் கலன்களை மீண்டும் பயன்படுத்த முடியாதபடி உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்கின்றன 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள். மருந்து தீர்ந்ததும் மூன்று முறை அலசி, அந்த நீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றுங்கள்; வாய்க்காலில் வேண்டாம். ஏற்கெனவே கேனில் கீரை முளைத்திருந்தால் பறிக்காதீர்கள், ஆட்டுக்கும் போடாதீர்கள்.